விரலுக்கு ஒருசந்தி

சாந்தோம் கோயிலுக்குத் தெற்கே, கடலைப் பார்த்து ஓடி, கடல் வருவதற்குள் மூச்சு வாங்கி நின்றுவிடும் சந்து ஒன்று உண்டு. அதில் இரண்டு பேர் எதிரெதிராக நடந்தால் ஒருவர் சட்டைப் பொத்தான் இன்னொருவர் சட்டையில் மாட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட சந்துக்குள் ஆம்ப்ரோஸ் ஒரு பியானோவைக் கொண்டு வந்தான்.

அடையாற்றுப் பங்களாவில் இருந்த ஒரு வெள்ளைக்காரர் சீமைக்குக் கப்பல் ஏறும்போது சாமான்களை ஏலம் போட்டார். மேசைக்கு ஆள் இருந்தது, மான்கொம்புக்கு ஆள் இருந்தது, பியானோவுக்கு ஆம்ப்ரோஸ் மட்டும்தான் இருந்தான். அதை வண்டியில் ஏற்றி ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் மாடு இரண்டும் பாதியாக இளைத்துவிட்டன. சந்துக்குள் நுழைந்தபோது இரண்டு பக்கச் சுவர்களும் தங்கள் சுண்ணாம்பைத் தானமாகக் கொடுத்தன. வாசலில் வந்து பியானோ மாட்டிக்கொண்டது. கதவு நிலையைப் பெயர்த்தார்கள். பியானோ உள்ளே போனது, ஆனால் நிலை பழைய இடத்துக்குப் போக மாட்டேன் என்றுவிட்டது. அன்றைக்கு முதல் அந்த வீட்டுக் கதவு முழுசாகச் சாத்தியதே கிடையாது. உள்ளே தும்மினால் எதிர்வீட்டில் "ஆண்டவரே" என்பார்கள்.

ஆம்ப்ரோஸுக்கு அது ஆசை மட்டுமில்லை, பிழைப்பும் அதுதான். மவுண்ட் ரோடு பக்கம் ஒரு பயாஸ்கோப் கொட்டகையில் திரைக்குக் கீழே உட்கார்ந்து பியானோ வாசிக்கிற வேலை. படங்கள் இன்னும் வாய் திறந்து பேசாத காலம். திரையில் குதிரை ஓடினால் இவன் விரலும் ஓட வேண்டும். கத்திச் சண்டை வந்தால் கட்டைகளை உடைக்கிற மாதிரி குத்த வேண்டும். கண் மூடித் திறக்கிற நேரம் நிறுத்தினால் போதும், தரை டிக்கெட்டிலிருந்து "இன்னாய்யா, பொட்டிக்காரன் தூங்கிட்டானா?" என்று குரல் வரும். குரலுக்குப் பின்னாலேயே வாழைப்பழத் தோல் வரும். தோலுக்குப் பயந்து பயந்து அவன் விரல்களுக்கு நிற்பது என்றால் என்னவென்றே மறந்துபோய்விட்டது. சோற்றைப் பிசையும்போதும் தாளம். ஜெபமாலை உருட்டினால் மணிகள் குதிரைப் பாய்ச்சலில் போகும். மாதா மூச்சு வாங்கியிருப்பாள்.

மத்தியானம் சாப்பிட்டு முடித்ததிலிருந்து, சாயங்கால ஆட்டத்துக்கு டிராம் பிடிக்கக் கிளம்புகிற வரைக்கும், "பழக்கம் உட்டுடக் கூடாது பாரு" என்று வீட்டிலும் வாசிப்பான். பத்து விரலும் பத்துப் பக்கம் ஓடும். கடற்கரையில் கருவாடு காயவைத்தவர்கள் இடி இடிக்கிறது என்று கருவாட்டை அள்ளிக்கொண்டு ஓடியதாகச் சொல்வார்கள். சந்துக் காக்கைகள் எல்லாம் மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்கு வீடு மாற்றிக்கொண்டு போய்விட்டன.

இதற்கு நடுவில் வெரோனிகா குடித்தனம் செய்தாள். அவள் ஆம்ப்ரோஸின் மனைவி. எதிர்வீட்டு இக்னேஷியஸ் வாத்தியாரின் தங்கை. கோயில் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் காதைத் திருகுவது வாத்தியாருக்கு வேலை. வெரோனிகாவுக்குக் காதைத் திருகுகிற பழக்கம் இல்லை, வாயால் பேசுகிற பழக்கம்தான். ஆனால் பேச இடம் வேண்டுமே? அவள் ஒரு வார்த்தையை எடுத்து வாசல்வரைக்கும் கொண்டு வந்தால், பியானோ அதை மிதித்துக்கொண்டு போய்விடும்.

இருபத்தொன்பதாம் வருஷம் பிறந்து, மூன்று ராஜாக்கள் திருநாளும் கழிந்த மறுநாள் மத்தியானம், அவள் பியானோவுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"இன்னாங்க, உங்களுக்கு இந்தப் பொட்டியே போதும்னா நான் எங்கண்ணன் ஊட்டுக்குப் போயிடறேன். போவட்டுமா?"

ஆம்ப்ரோஸ் அப்போது ஒரு குதிரைப் படைக்கு நடுவில் இருந்தான். தாளத்துக்குத் தலை மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. பூம்பூம் மாடு கூட அப்படிச் சம்மதம் சொல்லாது.

"நெசமாத்தான் கேக்கறேன். போவட்டுமா?"

தலை இன்னும் வேகமாக ஆடியது.

வெரோனிகா தன் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சந்தைத் தாண்டிப் போனாள். அவன் டிராமுக்குக் கிளம்பும்போது காப்பி கேட்டுக் கூப்பிட்டுப் பார்த்த பிறகுதான் வீடு காலியாக இருப்பது தெரிந்தது.

எதிர்வீட்டுக்கு ஓடினான். வாசலில் வாத்தியார் மூக்குக்குப் பொடி போட்டுக்கொண்டிருந்தார்.

"மச்சான், இன்னா இது? அவள அனுப்பி வெய்யுங்க."

"நான் இன்னா மாப்ள கட்டியா போட்டு வெச்சிக்கீறேன்? போவட்டுமான்னு கேட்டுக்கீது. நீங்க தலைய ஆட்டிக்கீறீங்க. அதும் ரெண்டு தபா."

"அது தாளத்துக்கு ஆட்டனது மச்சான்!"

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அண்ணா, சொல்லிடு. பொட்டி பேசற ஊட்டுல எனக்கு வேல இல்ல. நான் பேசறது எப்ப அவரு காதுல உழுதோ அப்ப வரேன்."

பொட்டியை விற்றுவிடலாமா என்று யோசித்தான். யோசித்த மாத்திரத்தில் இரண்டு கையும் தோளிலிருந்து கழன்று விழுந்துவிடும் போல் இருந்தது. அவனுக்குப் பெண்டாட்டியும் வேண்டும், பியானோவும் வேண்டும். ஒன்றுக்குள் இன்னொன்று எப்படி அடங்கும் என்பதுதான் தெரியவில்லை.

வெரோனிகா மட்டும் மீன் குழம்பை நிறுத்தவில்லை. பக்கத்து வீட்டு அன்வரி பேகம் தினமும் சட்டியை வாங்கி வந்து கொடுப்பாள். "கோவம் அவரு மேலதானாம். வயிறு மேல இல்லியாம். சொல்லச் சொல்லிச்சி" என்பாள்.

இப்படி இருக்கும்போது தபசு காலம் வந்தது. விபூதிப் புதன் அன்றைக்கு நெற்றியில் சாம்பலோடு ஆம்ப்ரோஸ் கோயிலிலிருந்து வந்தான். இனி ஈஸ்டர் வரைக்கும் ஒருசந்தி, அதாவது நாளுக்கு ஒரு வேளைதான் முழுச்சோறு. அதோடு ஆளாளுக்குப் பிடித்த ஒன்றையும் விட்டுவிட வேண்டும். இக்னேஷியஸ் வாத்தியார் பொடியை விட்டார். பொடி போன கோபத்தில் அன்றைக்கே பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் காது ஓர் அங்குலம் நீண்டது. ஆம்ப்ரோஸுக்குத்தான் விடுவதற்கு ஒன்றும் இல்லை. குடி கிடையாது, சுருட்டு கிடையாது, பெண்டாட்டியை ஏற்கெனவே விட்டாகிவிட்டது.

அந்த வருஷம் ரம்ஜானும் அதே வாரத்தில்தான் பிறந்தது. அன்வரி பேகத்தின் புருஷன் மெஹபூப் அலி தையல்காரர். முன்னறையில் தையல் மிஷினுக்கு முன்னால், உலர்ந்த உதட்டோடு உட்கார்ந்திருந்தார்.

"இன்னா பாய், மொகம் சுண்டிப் போய்க் கீது?"

"நோன்பு நைனா. பசி பரவால்ல. தாகம் பரவால்ல. உன் பொட்டிதான் தாங்கல. நீ ஆரம்பிச்சா என் மண்டைக்குள்ள ஜட்கா ஓடுது. நேத்து ஒரு ஜிப்பாவுக்கு மூணு கை வெச்சித் தெச்சிட்டேன்."

"பொய்."

"வந்து பாரு. யாரு போட்டுக்குவாங்கன்னுதான் தெரியல."

"எனக்கும் இன்னிக்குத் தபசு ஆரம்பம் பாய். இன்னாத்த உடறதுன்னு தெரியாம முழிச்சிகினு கீறேன்."

மெஹபூப் அலி மிஷினை நிறுத்தினார். "அரே, நீ நல்லா சாப்புடு. உன் விரலுக்கு நோன்பு வெய்யி. உங்கிட்ட ரொம்பத் துன்றது அதுங்கதான்!"

சொல்லிவிட்டு அவரே சிரித்ததில் நூல் அறுந்துபோனது. ஆம்ப்ரோஸ் சிரிக்கவில்லை. தன் பத்து விரலையும் நீட்டிப் பார்த்தான். பத்தும் நன்றாகத் தின்று கொழுத்துத்தான் இருந்தன.

"ஆமாம் பாய். ஒரு கை போதும். இன்னொரு கை சொம்மா கெடக்கட்டும். ஒரு கவளம் வாயில இருக்கசொல்ல அடுத்த கவளம் எடுக்கறது பெருந்தீனி. அதனால ஒரு கட்டைய அமுக்கினா, அந்தச் சத்தம் முழுசா அடங்கினப்பறம்தான் அடுத்த கட்டை."

"கொட்டகைல இன்னா பண்ணுவ?"

"ஒடம்ப முறிச்சி ஒழைக்கற கூலிக்காரனுக்கு ஒருசந்தி இல்ல. சாமியாரே சொல்லிக்கீறாரு. கொட்டகைல என் விரலுங்க கூலிக்காரனுங்க."

அன்றைக்கு மத்தியானமே பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்தான். இடது கையைத் தொடைக்கு அடியில் போட்டுக்கொண்டான், ஓடிப்போய்விடும் என்று பயம். வலது கையால் நடுவில் இருந்த ஒரு கட்டையை அழுத்தினான்.

ணங்.

அவ்வளவுதான். அடுத்தது அழுத்தக் கூடாது. சத்தம் அடங்கட்டும் என்று காத்திருந்தான். அது அடங்குகிறதா? போய்க்கொண்டே இருந்தது. முதலில் வெண்கலம் மாதிரி இருந்தது, அப்புறம் தேன் மாதிரி ஆனது, அப்புறம் தேன் வழிந்த விரலை நக்கிய பிறகு நாக்கில் இருக்குமே, அது மாதிரி ஆனது. ஒரு கட்டைக்கு இவ்வளவு நீளமான ஆயுள் உண்டென்பது இத்தனை வருஷம் பியானோவை அடித்தவனுக்குத் தெரியவே தெரியாது. பிறந்த குழந்தையின் கழுத்தைத் திருகுகிற மாதிரி, ஒவ்வொரு சத்தத்தையும் அடுத்த சத்தத்தால் திருகிக்கொண்டே வந்திருக்கிறான்.

அடங்கிவிட்டது என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதுவும் போன பிறகு, கடல் கேட்டது. அவன் அந்த வீட்டில் குடியேறியது முதல் கடல் அங்கேதான் கிடந்தது. இப்போதுதான் கேட்டது. சுவருக்கு அந்தப் பக்கம் மெஹபூப் அலியின் கத்தரி துணியை மெதுவாகத் தின்னும் சத்தம். அதற்கும் அப்பால், சாத்தாத கதவு வழியாக, எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல்.

"இஞ்சிய இவ்ளோ பெருசாவா தட்டுவாங்க, அண்ணா? பல்லுல மாட்டினா ஆரு எடுக்கறது?"

வெரோனிகாவின் குரல். எதையாவது குறை சொல்லி முடிக்கும்போது கடைசி வார்த்தையில் அவள் குரல் கொஞ்சம் மேலே ஏறி, ஒரு சிரிப்பு வரலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு இறங்கும். கல்யாணம் ஆனது முதல் அவன் காதில் விழாதது, இஞ்சிக்கு நடுவில் விழுந்தது. ஆம்ப்ரோஸுக்கு அடுத்த கட்டை எது என்று மறந்துபோனது. ரொம்ப நேரம் கழித்து, அவள் குரல் ஏறிய அந்த இடத்துக்கு எது பொருத்தமோ அதைத் தேடி, மெதுவாக அழுத்தினான்.

எதிர்வீட்டில் பேச்சு நின்றது. "அண்ணா, பொட்டிக்கு இன்னா ஆச்சி?"

"ஒடஞ்சிட்டிருக்கும். ஆண்டவருக்குத் தோத்திரம்."

"பொட்டி ஒடஞ்சா அவரு கத்துவாரே. ஒடம்புக்கு ஏதாவதா?"

கொஞ்ச நேரத்தில் அன்வரி பேகம் முக்காட்டைச் சரிசெய்தபடி வந்து வாசலில் நின்றாள். "நெத்தியத் தொட்டுப் பாத்துட்டு வரச் சொல்லிச்சி. ஹாய் அல்லா, நான் எப்பிடித் தொடறது? நீங்களே தொட்டுப் பாத்துச் சொல்லுங்க. காய்ச்சலா?"

"காய்ச்சல் இல்லம்மா. விரலுக்கு ஒருசந்தி."

இரண்டு மூன்று நாளில் சந்துக்கு அது பழகிவிட்டது. மத்தியானமானால் ஒரு சத்தம் வரும். அது போகும். பிறகு ஒன்றும் இருக்காது. அந்த ஒன்றுமில்லாததற்குள் ஆளாளுக்கு ஒன்று கிடைத்தது. மெஹபூப் அலிக்குத் தாகம் அரைமணி நேரம் மறந்துபோனது, ஜிப்பாக்களுக்குச் சரியான கணக்கில் கை முளைத்தது. அன்வரி பேகம் கறி அரியும்போது கத்தியை அவளே மெதுவாக வைத்தாள். தயிர்க்காரி சந்து முனையில் கூவலை விழுங்கிக்கொண்டு, வீடு வீடாக வந்து காதோரம் "தயிரு" என்றாள். காக்கைகள் தெப்பக்குளத்திலிருந்து திரும்பி வந்து ஓட்டின்மேல் உட்கார்ந்தன, கரையவே இல்லை. வங்காள விரிகுடா ஒரு நாள் அலையை நிறுத்திவிட்டு அடுத்த கட்டைக்காகக் காத்திருந்ததாக மெஹபூப் அலி சத்தியம் செய்தார். நோன்பு நாளில் பொய் சொல்லமாட்டார்.

சனிக்கிழமை அன்வரி பேகம் சட்டியோடு வந்தபோது ஒரு சேதியும் கொண்டு வந்தாள். "நாளைக்கு வஞ்சிர மீனாம். வெரோனிகாவே கொண்டாருமாம். நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

ஆம்ப்ரோஸுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில்தான் புத்தி கெட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு ஆண்டவருடைய நாள், ஒருசந்தி கிடையாது. பொடி விட்டவர் பொடி போடலாம், கறி விட்டவர் கறி தின்னலாம். காலைப் பூசையிலிருந்து வாத்தியார் மூக்கு நிறையப் பொடியோடு தும்மிக்கொண்டே வந்தார். ஆம்ப்ரோஸின் விரல்களுக்கும் விருந்து. அத்தனை நாள் பட்டினி கிடந்த பத்தும் பந்தியில் உட்கார்ந்த மாதிரி பாய்ந்தன. குதிரைப் படை வந்தது, யானைப் படை வந்தது, கப்பல் ஒன்று பாறையில் மோதி உடைந்தது. ஆடாமல் இருக்கச் செங்கல் முட்டுக் கொடுத்திருந்த பியானோக் கால் நடனமாடியது. தலை மேலும் கீழும் போய்க்கொண்டே இருந்தது.

கப்பல் மூழ்கி முடிந்து அவன் நிமிர்ந்தபோது, வாசலில் சட்டியோடு அன்வரி பேகம் நின்றிருந்தாள்.

"அவ எங்க?"

"பாதி சந்து வந்துச்சி. மொதோ இடி உழுந்ததும் அங்கியே நின்னுச்சி. சட்டிய என் கையில குடுத்துட்டுத் திரும்பிப் போயிடுச்சி."

"ஒண்ணும் சொல்லலியா?"

"சொல்லிச்சி. 'நாலு நாள் நடிப்புக்கு நல்ல மீனு வேஸ்டு'ன்னு."

ஆம்ப்ரோஸ் மெஹபூப் அலியிடம் போய் உட்கார்ந்தான். "ஞாயித்துக்கெழம ஒருசந்தி இல்ல பாய். அது சட்டம். நான் தப்பு பண்ணல."

மெஹபூப் அலி ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னார். "எங்க நோன்புல ஞாயித்துக்கெழம லீவு கெடையாது. உன் பொட்டிக்குக் கொஞ்ச நாள் எங்க சட்டத்தப் போட்டுப் பாரு."

அதற்கப்புறம் ஞாயிறும் இல்லை, திருநாளும் இல்லை. மறுபடியும் ஒரு கட்டை, ஒரு காத்திருப்பு. ஆனால் எதிர்வீடு இப்போது ஊமையாகிவிட்டது. அவன் சத்தம் அடங்கும் ஒவ்வொரு தடவையும் காதை நீட்டினான். கடல் வந்தது, கத்தரி வந்தது, காக்கையின் நகம் ஓட்டில் உரசுவது வந்தது. அவள் வரவில்லை. வாரக் கணக்கில் வெறும் இடைவெளிகளையே வாசித்தான். ஆனாலும் விடவில்லை. ஒரே நாலைந்து கட்டைகள், திரும்பத் திரும்ப. ஒரு கட்டையையே நேற்றைக்கு அழுத்தியதற்கும் இன்றைக்கு அழுத்தியதற்கும் வித்தியாசம் இருந்தது. மழை வரும் நாளில் அது கொஞ்சம் தள்ளியிருந்து பேசியது. வெயில் நாளில் மடியில் வந்து உட்கார்ந்தது.

கொட்டகையில் கூட இது ஒட்டிக்கொண்டது. ஒரு நாள் திரையில் ஒருத்தி கதவைப் பார்த்துக் காத்து நின்றாள். ஆம்ப்ரோஸின் விரல்கள் தாங்கள் கூலிக்காரர்கள் என்பதை மறந்து, ஒரு கட்டையோடு நின்றுவிட்டன. வாழைப்பழத் தோல் வரும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டான். வரவில்லை. திரும்பிப் பார்த்தால் தரை டிக்கெட்டில் அத்தனை பேரும் வாயில் போட்ட வேர்க்கடலையை மெல்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

ரம்ஜான் பெருநாள் அன்றைக்குத்தான் எதிர்வீடு வாய் திறந்தது. வெரோனிகா அன்வரி பேகத்தின் வீட்டுக்குச் சேமியா சாப்பிட வந்திருந்தாள். நடுவில் ஒரு சுவர்தான். ஆம்ப்ரோஸ் ஒரு கட்டையை அழுத்தினான். அது அடங்கியதும், சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, அன்வரி பேகத்திடம் சொல்கிற மாதிரி, ஆனால் பாதி மயிலாப்பூருக்குக் கேட்கிற மாதிரி ஒரு குரல்:

"செல பேரு சட்டையில மேல் பொத்தானே இல்லாம டிராம் ஏறிகினு போறாங்க, அக்கா. பக்கத்துலயே தையக்காரரு கீறாரு."

ஆம்ப்ரோஸ் குனிந்து பார்த்தான். மேல் பொத்தான் இல்லை. மெதுவாக, குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி, கீழே ஒரு கட்டையை அழுத்தினான்.

அது அடங்கியதும்: "தலைக்கு எண்ண வெச்சி எத்தினி நாளாச்சோ. பாத்தா காஞ்ச தேங்கா மட்டை."

மேலே ஒரு கட்டை. கொஞ்சம் முறைத்துக்கொண்டு வந்தது.

"அத்த பாரு, ரோஷம் வருது!"

சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு பெண்களும் சிரித்தார்கள். மெஹபூப் அலியும் சேர்ந்து சிரித்து, சேமியா புரையேறி, அவர் முதுகில் தட்டுகிற சத்தம் கேட்டது. ஆம்ப்ரோஸ் ஒரு கையோடு உட்கார்ந்து, அந்தச் சிரிப்பு முழுசாக அடங்குகிற வரைக்கும் காத்திருந்தான். சட்டம் சட்டம்தான்.

அதிலிருந்து தினமும் இது நடந்தது. அவள் எதிர்வீட்டுக்குத் திரும்பிப் போய், அங்கிருந்தே அண்ணனைச் சாக்கு வைத்து இவனைத் திட்டினாள். ஒரு கட்டை, ஒரு திட்டு, ஒரு கட்டை, ஒரு திட்டு. கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்கள் இத்தனை பேசியதில்லை. ஆனால் டிரங்குப் பெட்டி மட்டும் அந்தப் பக்கத்திலேயே இருந்தது. மெஹபூப் அலி ஒரு நாள் வெளிப்படையாகவே கேட்டார்.

"இன்னும் இன்னாத்துக்கும்மா பிடிவாதம்? அவன்தான் சாது ஆயிட்டானே."

"தபசு காலத்துல எல்லாரும் சாதுதான் அண்ணா. எங்கண்ணன் கூட பொடி போடல. ஈஸ்டர் ஆச்சின்னா டப்பா தொறந்துடும். அவரு விரலும் தொறந்துடும். அன்னிக்குப் பாத்துட்டு சொல்றேன்."

இது ஆம்ப்ரோஸின் காதிலும் விழுந்தது. இப்போதெல்லாம் அவன் காதில் எல்லாம் விழுந்தது.

பெரிய வியாழக்கிழமை வந்தது. அன்றைக்குப் பூசையில் அடித்த கோயில் மணி, அப்புறம் சனிக்கிழமை வரை அடிக்காது. அதற்குப் பதிலாக மரப்பலகையைத் தட்டுவார்கள். வாத்தியக் கருவி எதுவும் தொடக் கூடாது. ஆம்ப்ரோஸ் பியானோவை மூடினான். பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் சந்து என்ன செய்வதென்று தெரியாமல் தவித்தது. தயிர்க்காரி வாசலில் நின்று காதைக் குடைந்து பார்த்துக்கொண்டாள். வெரோனிகா மூன்று தடவை ஜன்னலுக்கு வந்து போனதாக அன்வரி பேகம் சொன்னாள். பேச அவளுக்கு முழு மத்தியானமும் காலியாகத்தான் கிடந்தது. ஆனால் அவளும் ஒன்றும் பேசவில்லை.

சனிக்கிழமை உச்சிப் பொழுது. கோயில் மணி கிணுகிணுவென்று அடித்தது. ஈஸ்டர் ஞாயிறு மறுநாள்தான் என்றாலும், அந்தக் காலத்து வழக்கப்படி தபசு அந்த மணியோடு முடிந்தது. வாத்தியார் டப்பாவைத் திறந்து, அத்தனை நாள் பாக்கியையும் ஒரே மூச்சில் இழுத்தார். அடையாறு வரை கேட்கும்படி தும்மினார். மெஹபூப் அலி எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு காதிலும் பஞ்சு வைத்துக்கொண்டார். காக்கைகள் ஓட்டின் விளிம்புக்கு நகர்ந்து, தெப்பக்குளம் பக்கம் முகத்தைத் திருப்பித் தயாராக உட்கார்ந்தன.

ஆம்ப்ரோஸ் மூடியைத் திறந்தான். இடது கையைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தான். பத்து விரலும் பசியில் துடித்தன. எல்லாக் கட்டைகளும் இலையில் பரிமாறின மாதிரி வரிசையாக இருந்தன. இனி யாரும் கேட்க முடியாது, சட்டம் அவன் பக்கம். குதிரைப் படை சேணம் பூட்டிக்கொண்டு நின்றது.

ஒரு கட்டையை அழுத்தினான்.

ணங்.

இடது கை மடியில் இருந்தது. சத்தம் வெண்கலமாகி, தேனாகி, விரல் நுனியாகி, போனது. கடல் வந்தது. அவன் அடுத்த கட்டைக்குப் போகவில்லை. எதிர்வீட்டிலிருந்து ஒரு திட்டு வர வேண்டும். வரட்டும். அவன் காத்திருந்தான். வரவில்லை. மெஹபூப் அலி ஒரு காதுப் பஞ்சை எடுத்துப் பார்த்தார். காக்கை ஒன்று கழுத்தைச் சாய்த்தது. அன்றைக்கு அவன் காத்திருந்த நேரத்தில் டிராம் மயிலாப்பூரிலிருந்து சீமைக்கே போய்த் திரும்பியிருக்கும்.

"இன்னாங்க."

குரல் எதிர்வீட்டிலிருந்து வரவில்லை. முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது.

"எங்கண்ணன் ஊட்டுலேர்ந்து வந்துடலாம்னு பாக்கறேன். வரட்டுமா?"

ஆம்ப்ரோஸின் தலை பழைய பழக்கத்தில் மேலும் கீழும் ஆடியது.

"மண்டைய ஆட்டாதீங்க. அந்த ஆட்டத்த நம்பி ஒரு தபா ஏமாந்துட்டேன். வாயத் தொறந்து சொல்லுங்க."

"வா" என்று சொல்லிக்கொண்டே அவன் துள்ளி எழுந்தான். துள்ளிய வேகத்தில் முழங்கை கட்டைகளின் மேல் விழுந்தது. பிடிக்கப் போன இன்னொரு கையும் விழுந்தது. பியானோவில் இருந்த அத்தனை சத்தமும் ஒரே சமயத்தில் வெளியே வந்து, காக்கைகள் அத்தனையும் பறந்தன.

"ஐயோ, ஆரம்பிச்சிட்டான்யா!" என்று எதிர்வீட்டில் வாத்தியார் அலறினார்.

வெரோனிகா டிரங்குப் பெட்டியைக் கீழே வைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டே நின்றாள். ஆம்ப்ரோஸ் இரண்டு கையையும் மேலே தூக்கி, போலீசில் பிடிபட்டவன் மாதிரி நின்றான். அந்தப் பெரிய சத்தம் அடங்கட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள். அது அடங்க நிறைய நேரம் பிடித்தது. அடங்கியதும் அவள் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"பொத்தான் இன்னும் வெச்சிக்கல பாருங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் பியானோ ஒருசந்தியிலேயே இருந்தது. யாராவது கொட்டகையில் அவன் வாசிப்பைக் கேட்டுவிட்டுத் தேடி வந்து, "இன்னா சார், ஊட்டுல ஒண்ணே ஒண்ண அமுக்கிட்டு ஒக்காந்துகினு கீறீங்க?" என்றால், "இப்பதான் அது பேசிகினு கீது, நடுவுல நான் இன்னாத்துக்கு?" என்பான்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் பூசை முடிந்ததும் வெரோனிகா மீன் வாங்கக் கடற்கரைக்குப் போவாள். அவள் சந்து முனை திரும்பியதும் குதிரைப் படை புறப்படும். கப்பல் உடையும். அவள் திரும்பி வரும்போது ஆம்ப்ரோஸ் ஒரு விரலை ஒரு கட்டையின் மேல் வைத்துக்கொண்டு, பால் குடிக்கத் தெரியாத பூனை மாதிரி உட்கார்ந்திருப்பான். அவள் மீனோடு நேராக அடுப்படிக்குப் போய்விடுவாள்.

கரையில் மீன்காரிகளுக்கு மட்டும் ஒரு சந்தேகம் உண்டு. வஞ்சிரம் எது, சுறா எது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற பொம்பளை, ஞாயிற்றுக்கிழமையானால் ஒரு மீனின் செவுளை இருபது தடவை தூக்கித் தூக்கிப் பார்ப்பாள். "இன்னாம்மா, ஊட்டுக்குப் போவணும்னு நெனப்பே இல்லியா?" என்று கேட்டால், சந்துப் பக்கம் காதைத் திருப்பி ஒரு நிமிஷம் நிற்பாள்.

"இன்னும் முடியல. கொஞ்சம் பொறு" என்று சொல்லிவிட்டு, அடுத்த மீனை எடுப்பாள்.